தடிமன் என்று போர்த்திய கம்பளி

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

வட்டகொடையில் மழை விடவில்லை. ஈசன் திருவடி நிழலை அடைந்தவருக்கு ஊர்ச் சேதி எதற்கு என்று பல நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். ஆனால் உங்களைப் பற்றி நம் தோட்டக் குடியிருப்பான லயத்தில் உலவும் பேச்சை உங்களிடமே கேட்பதுதான் முறை. மருந்தைக் குடித்தீர்களா, மாப்பிள்ளை?

கேட்க நா கூசுகிறது. கோயில் தலைவர் நம் வாசலில் நின்று, விரித்த குடையை மடக்காமலே கேட்டுவிட்டார். "பூச்சி மருந்து வாடை ரோடு வரைக்கும் அடிச்சிச்சுங்க ஐயா. மொத நாளு புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. 'செத்தா நிம்மதி'ன்னு அவரு கத்துனத லயமே கேட்டிச்சு. தன் கையால போனவருக்குக் கோயில்ல மோட்ச விளக்கு ஏத்துறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். எத்தனையோ பேருடைய மோட்ச விளக்கின் முன் பதிகம் ஓதிய வாய் இது. உங்களுக்காக அது திறக்கக் கூடாதென்றால், என் தங்கை பார்வதி மீதமுள்ள ஆயுளை எப்படிக் கழிப்பாள்? கணவன் தன்னை வெறுத்துப் போனான் என்ற எண்ணத்தோடு அல்லவா?

அந்தச் சண்டை எதற்கென்று எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில், காய்கறி முதலாளியின் முட்டைக்கோவாத் தோட்டத்துக்குப் பூச்சி மருந்தடிக்கப் புறப்பட்டீர்கள். மழையில் போகவேண்டாம் என்று அவள் மறித்தாள். நீங்கள் கத்திவிட்டு, சாக்கை முதுகில் போட்டு, அதன்மேல் மருந்து டாங்கியை மாட்டிக்கொண்டு போனீர்கள். மாலையில் மூக்கும் கண்ணும் ஒழுகத் திரும்பி வந்தீர்கள். வாயில் எச்சில் நிற்கவில்லை, நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மழையில் நனைந்த மலைநாட்டுக்காரனுக்கு இது வேறு என்னவாகத் தோன்றும்? சளி பிடித்த தடிமன்தான்.

தடிமன்காரரைக் குளிக்க விடுவது நம் வழக்கமில்லையே. பார்வதி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தாள். பனியனைக்கூடக் கழற்ற விடாமல் கம்பளியால் இழுத்துப் போர்த்தினாள். விடிந்தபோது உங்கள் தோளில் தசை மீன்குஞ்சு போல் துள்ளியது. கண்மணி கடுகளவாய்ச் சுருங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததும் உங்களுக்கு எதிராகவே திரும்பியது. ஊசி ஏற ஏற ஒழுகல் நின்றது, முகம் சிவந்தது. பிறகு நீங்கள் காற்றில் கொழுந்து கிள்ளினீர்கள். சுவர் மூலையைப் பார்த்து, "வர்றேம்ப்பா, இந்தா வர்றேன்" என்று காலஞ்சென்ற தகப்பனாரோடு பேசினீர்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் அதை லயத்துக்குக் கொண்டுபோய், போக முடிவெடுத்த மனிதர் என்று சாட்சி சொன்னார்கள். அன்று நானும் அப்படித்தான் எண்ணினேன்.

நீங்கள் போன பிறகு உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமையாகப் பேசினாள்.

"ஐயா, நரம்பு நுனியிலை ஒரு சாறு சுரக்கும். அதுதான் தசைக்கும் சுரப்பிகளுக்கும் கட்டளை. கட்டளை முடிஞ்ச உடனை அந்தச் சாறைக் கரைச்சுப்போட இன்னொரு பொருள் இருக்கு. இந்தப் பூச்சி மருந்து அதைக் கட்டிப்போடும். பிறகு கட்டளை நிக்காது. ஒழுகும், துடிக்கும், கடைசியிலை மூச்சுத் தசை களைச்சுப்போகும்."

"அந்த உளறல்?"

"அது நாங்கள் குடுத்த ஊசியாலை. ஊமத்தை மாதிரிச் செடியளிலை இருக்கிற மருந்து. அந்தச் சாறு போய்ச் சேருற கதவைக் கொஞ்சம் சாத்தும். கூடினா ஆள் இல்லாததெல்லாம் காணும். அவர் சாக வேணுமெண்டு சொன்னதில்லை ஐயா, அது."

எம்பெருமான் சடையில் ஊமத்தம்பூ ஏன் இருக்கிறதென்று இத்தனை காலம் பாடியும் நான் யோசித்ததில்லை. நஞ்சை மிடற்றில் நிறுத்தியவன் நஞ்சையே சூடியும் இருக்கிறான். ஒரு நஞ்சு உங்களை இழுத்தது. இன்னொன்று மறித்துப் பார்த்தது. அந்த மறிப்பையே ஊர் வாக்குமூலமாக்கிவிட்டது.

இருந்தும் என் சந்தேகம் அடங்கவில்லை. கிழவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன பொய்யோ? மறுபடி போய் வேறு விதமாகக் கேட்டேன். "வாயிலை மணம் இருக்கேல்லை, ஐயா. முதுகிலைதான் மணம். தோலாலையும் போகும். வந்த உடனை கழட்டிக் குளிச்சிருந்தா..." என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

டாங்கி ஒழுகியிருக்கிறது. சாக்கு குடித்ததைப் பனியன் குடித்தது, பனியன் குடித்ததை முதுகு குடித்தது. கம்பளிக்குள் உங்கள் உடல் அதை ஊற வைத்துக்கொண்டே கிடந்தது.

இதை நான் யாரிடம் சொல்வேன்? சொன்னால் உங்கள் பெயர் மீளும். போர்த்திய கையின்மேல் பழி விழும். சொல்லாவிட்டால் அந்தக் கை பிழைக்கும். நீங்கள் தன் கையால் போனவர் ஆவீர்கள். தருமம் எந்தப் பக்கம் என்று கற்ற நூல்களில் எல்லாம் தேடினேன். பார்வதியிடம், "அவர் குடிக்கவில்லையாம்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப எப்பிடிண்ணே உள்ள போச்சு?"

"தெரியாதம்மா."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

நேற்றுக் கோயிலில் கூட்டம் கூடியது. தலைவர் நேராக என்னிடம் வந்தார். "குடிக்கலன்னு சொல்றீங்க. சரி. குடிக்காம மருந்து எப்பிடிங்க ஐயா உள்ள போகும்? காத்துலயா?" யாரோ சிரித்தார்கள்.

வாசற்படிக்கு வெளியே நின்ற பார்வதி அங்கிருந்தே பேசினாள். சாவுத் தீட்டுக்காரி என்று உள்ளே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அவரு போத்திட்டுப் போன சாக்கையும் பனியனையும் அப்புறம் நான்தான் கசக்கினேன். கசக்கி முடிக்கல, எனக்கும் மூக்கு ஒழுகிச்சு. கண்ணு மங்கிச்சு. கையி தானா துடிச்சிச்சு. எனக்கு மழையும் இல்ல, தடிமனும் இல்ல. நான் என்னத்தக் குடிச்சேன், சொல்லுங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"குளிக்கப் போறேன்னுதான் அவரு எந்திரிச்சாரு. நான்தான் விடல. என் கையால போனாருன்னு வேணும்னா சொல்லிக்கங்க. தன் கையால போனாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

தலைவர் பூசாரியிடம், "விளக்குக்கு எண்ணெய் பாத்துக்கப்பா" என்றார்.

மாப்பிள்ளை, பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாளே, அதை இறக்குவது எப்படி? உங்கள் கையுமில்லை, அவள் கையுமில்லை என்றால் மூன்றாவது கை ஒன்று இருக்க வேண்டும். நீங்கள் அடித்த மருந்துக் கேனில் பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்று கூட வேலை செய்தவர் சொன்னார். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அந்தக் கேனையும் டாங்கியையும் முதலாளி ஆள் அனுப்பி எடுத்துப் போய்விட்டார். அவர் அனுப்பிய மலர்வளையமும் அரிசியும் பிறகுதான் வந்தன. அத்தனை அவசரம் எதற்கு? அதில் இருந்தது என்ன? ஒட்டியிருந்த தாளைக் கிழித்தது யார்?

கருமாதியன்று உங்கள் விளக்கின் முன் என் குரல் உள்ளவரை ஓதுவேன். மறுநாள் முதலாளி வீட்டுப் படியேறி இந்தக் கேள்விகளை உங்கள் பெயரால் கேட்பேன். உட்காரச் சொல்வார்; தேத்தண்ணி கொண்டுவரச் சொல்வார். பதில் வரும்வரை அந்த வீட்டில் நான் வாய் நனைக்க மாட்டேன். இது உறுதி.

உங்கள் பார்வதியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும்
மூத்த மச்சான்