காற்று வாங்கும் எஞ்சின்

கோயமுத்தூர்
12.7.1989

அன்புள்ள அப்பாவுக்கு, ஷெரினின் வணக்கம். நான் சுகம். பள்ளிக்கூடமும் பழகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நம் பரளச்சியில் மழை உண்டா?

நேற்று மாமா தம் பட்டறையில், ஜெபக்குமார் அத்தான் ஓட்டும் ரேஸ் பைக்கின் எஞ்சினைச் சோதித்தார். "காத்து வாங்குதுலே" என்று அத்தானிடம் சொன்னார். "காத்து வாங்குனா ஒடம்புக்கு நல்லதுதானே மாமா?" என்று கேட்டுவிட்டேன். அத்தான் இன்னும் சிரிக்கிறார். எஞ்சினுக்குள் வெளிக்காற்று புகுந்தால், ஓட்டத்தில் பிஸ்டன் சூடேறி இறுகி, ஆளைத் தூக்கி எறியுமாம். அதனால் எஞ்சினின் வாய்களை அடைத்து, கைப்பம்பால் உள்காற்றை உறிஞ்சினார்கள். மீட்டரின் முள் நிற்காமல் இறங்கியது; எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தமாம். மாமா ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் தடவிக்கொண்டே வந்தார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலில் தடவியதும் முள் நின்றது; காற்று புகுந்தது அங்கேதான். அதை மாற்றிய பிறகுதான், "இனி ஓட்டுலே" என்றார்.

நம் கிணற்று பம்பு செட் தண்ணீர் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் காற்று வாங்குகிறதோ? குழாய் இணைப்புகளில் கிரீஸ் தடவிப் பாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். இங்குள்ளது புதிது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பம்பு செட் சரியாகாவிட்டால் எழுதுங்கள், மாமாவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன். சரியாகிவிட்டாலும் எழுதுங்கள், வருகிறேன்.

உங்கள் மகள்
ஷெரின்