வெல்டருக்குப் பிடித்த காட்சி

என் இல்லத்துப் பேரரசிக்கு அடியேனின் ஆயிரங்கோடி வணக்கம். நான் ஒன்பது யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா?

இங்கே தொழிலாளர் கேம்ப் அறையில் மதியச் சாப்பாட்டில் தினமும் உலக மாநாடுதான்: ராத்திரி போனில் பார்க்கும் அரசியல் தொடரில் ஆளுக்கொரு பிடித்த காட்சியைச் சொல்ல வேண்டும். நேற்று, போன மாதம் காய்ச்சலில் இறந்துபோன வெல்டரின் முறை வந்ததும், பழக்கதோஷத்தில் எல்லோரும் காத்திருந்தோம். எலக்ட்ரீஷியன் போனில் அவன் பழைய குரல்பதிவைத் தட்டிவிட்டான்.

"பதவி போன முதலமைச்சர் தன் வீட்டுக் கதவத் தட்டுவாரே, பொண்டாட்டியே 'யாரு'ன்னு கேப்பாளே, அதான்டா! இத்தன வருஷம் கழிச்சுப் போனா எம் பொண்டாட்டியும் அப்படித்தான் கேப்பா!"

போனில் அவன் சிரித்த சிரிப்பில், அவன் படுத்திருந்த காலிக் கட்டில் கிறீச்சிட்டது. எனக்குப் பயமே இல்லை. காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டேன்.

தைலம் ஒரு புட்டி அனுப்பு. சைரன் ஊதிவிட்டான். அடுத்த வருஷம் நான் வந்து தட்டும்போது, யாரென்று கேட்காமலே திற.

உன் புருஷன்