ஏலத்தில் கூப்பிடாத பணியாரம்

போடிநாயக்கனூர்
12-11-1974

அன்பு மகன் செல்வமணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், பிலாயில் நீயும் அப்படியே இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, மலையிலிருந்து ஏலக்காய் ஈரமாகவே வருகிறது, கடையில் இடம் போதாமல் உன் கட்டிலிலும் பரப்பியிருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

உங்கள் உருக்காலை கேன்டீனில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவதைப் போன மாதம் எழுதி, நம் சபையில் இன்னும் பழைய கதைதானா என்று கேட்டிருந்தாய். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நம் கோவிலில் சாதி கிடையாது, அப்பனுக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று பதில் எழுதினேன். அந்த வரியை நீ அடித்துவிடு.

முந்தாநாள் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை வழக்கம்போல் நான்தான் ஏலம் விட்டேன். சேவல், பூசணி, வாழைத்தார் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கூவினேன், சனம் சிரித்துச் சிரித்து ஏலம் கேட்டது. மேசையில் ஒரு தூக்குச்சட்டியும் இருந்தது, மொக்கம்மாள் கொண்டுவந்த கருப்பட்டிப் பணியாரம். அவள் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள், போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்துக் காலனியிலிருந்து நம் சபைக்கு வந்தவள். காலனி வீட்டில் சமைத்ததை நம் கடைத்தெருக்காரர்கள் யார் கேட்கப்போகிறார்கள், கூப்பிட்டு ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அவளுக்கல்லவா தலைகுனிவு என்று நானே முடிவுகட்டி, சட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவளுக்கு நல்லது செய்ததாகவே எனக்கு நினைப்பு. ஏலம் முடியும்வரை அவள் வாசல் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வந்து, "என் பொருளக் கூப்பிடலையேய்யா" என்றாள். மறந்துவிட்டேன் ஆத்தா என்று கோவிலில் நின்று பொய் சொன்னேன். "இருக்கட்டும்யா. ஆண்டவருக்குனு கொண்டாந்தத திருப்பிக் கொண்டுபோகக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என் சாமர்த்தியத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். மெச்சுவாள் என்று பார்த்தால், "நான் கேக்கணும்னுதான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன், நீங்க கூப்பிடவே இல்லையே" என்றாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஊரார் வாங்க மாட்டார்கள் என்று நான் சொன்னதற்கெல்லாம் அர்த்தம், நான் வாங்க மாட்டேன் என்பதுதான். பணியாரத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது.

நேற்று மொக்கம்மாள் வீட்டுக்குச் சட்டியைக் கொடுக்க நானே போனேன். நம் கடையிலிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் அந்தத் தெருவுக்குள் இதுவரை நான் கால் வைத்ததில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னாள். மறந்தேன் என்றது பொய், மன்னித்துக்கொள் என்றேன். "தெரியும்யா" என்றாள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்ச் செம்பு வரும். அவள் தரவில்லை. தந்தால் நான் முழிப்பேன், ஐயாவுக்கு ஏன் சங்கடம் என்று அவளும் முடிவுகட்டிவிட்டாள், நான் அவளுக்குச் செய்ததைப் போலவே. தண்ணீர் கொடு ஆத்தா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவரே தண்ணீர் கேட்டதைச் சபை முன்னால் நின்று வாசித்தவன் நான், ஊர் கேட்கக் கூவுகிற வாய், அங்கே திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் தாகத்தோடு திரும்பி வந்தேன். இந்த வயதில் உன்னிடம் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

வருகிற ஞாயிறு அம்மாவும் நானும் மறுபடி அவள் வீட்டுக்குப் போகிறோம். நீ ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன்னை ஆசீர்வதிக்கட்டும். தண்ணீர் கேட்டீர்களா அப்பா என்று அடுத்த கடிதத்தில் என்னைக் கட்டாயம் கேள். நான் மழையையும் ஏலக்காயையும் பற்றி மட்டும் பதில் எழுதினால், கேட்கவில்லை என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானசிகாமணி