ஐந்துக்கு ஐந்து

என்னங்க,

நேற்று முன்தினம் மத்தியானம் நன்னிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளருக்குள் காபி வட்டம் வட்டமாக அதிர்ந்தது. என் கைதான் நடுங்குகிறது போலிருக்கிறது என்று மேசைமேல் வைத்தேன். அங்கேயும் அதிர்ந்தது. அப்புறம் உட்கார்ந்திருந்த நாற்காலி, அப்புறம் என் விலா எலும்பு. மேடைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நம் எருமை அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று ரவிக்கை வெட்டிப்போட்டது போட்டபடி கிடக்கிறது. மிஷினில் உட்காருகிறேன், எழுந்துகொள்கிறேன். வாசலுக்குப் போய் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன், ஏதோ நான் அந்தப் பக்கம் போக வேண்டியவள் மாதிரி. உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருந்தபோதே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது எழுதாவிட்டால் இந்த ரவிக்கைகள் தைத்து முடியாது போலிருக்கிறது.

உங்கள் பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்புக்கு எருமை என்று பேர் வைத்தது நான்தான். கறுப்பு, என் இடுப்பு உயரம், உள்ளே பதினைந்து அங்குல ஸ்பீக்கர், நகர்த்தினால் நகராது. சென்னையில் மூடப்போகிற ஏதோ ஸ்டுடியோவிலிருந்து பழையதாக வாங்கி வந்தீர்கள். உங்கள் மோட்டார் காயில் கட்டும் கடையின் பின்பக்கத்தில் அதை வைத்தீர்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் தையல் மிஷின். பதினோரு வருஷம், நீங்கள் வாசிக்க உட்கார்ந்தால் என் குண்டூசி டப்பா தானாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வரும். நான் சுவரைத் தட்டுவேன்.

"டப்பா நகருதா? அப்படின்னா ஆம்ப் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

பகலெல்லாம் பம்புசெட்டு மோட்டார். காயில் கட்டி, ஓடவிட்டு, காதைச் சாய்த்து, "இது ஜி சுருதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது" என்பீர்கள். மோட்டார் கொண்டுவந்த விவசாயி பாவம், "அதெல்லாம் இருக்கட்டுங்க, தண்ணி வருமா வராதா?" என்பார். முகூர்த்த நாளென்றால் மெல்லிசைக் குழு, ஞாயிற்றுக்கிழமையென்றால் ஆலயத்துப் பாடகர் குழு. பேஸ் எதற்கு என்று யார் கேட்டாலும் ஒரே விளக்கம்தான் உங்களுக்கு. "பேஸ் இருந்தா ஜனம் கவனிக்காது. இல்லைன்னா என்னவோ குறையுதேன்னு முழிக்கும்." கல்யாணமான புதிதில் நானும் கவனிக்காத ஜனம்தான். போகப்போக அந்தச் சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதை நான் உங்களிடம் ஒப்புக்கொண்டதே இல்லை.

திருவாரூர் பக்கம் ஒரு கல்யாணத்தில், குட்டியானை வண்டியிலிருந்து எருமையை இறக்கும்போது படியில் சறுக்கி அதோடு சேர்ந்து விழுந்தீர்கள். மூன்று வாரம் பலகையில் படுக்கை. புரட்டிவிட நான், குளிப்பாட்ட நான், கடைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் நான். தஞ்சாவூர் டாக்டர், "இனிமே மூட்டை, மோட்டார் எதையும் தூக்கக் கூடாது" என்றார். ஆம்ப் என்று ஒரு பொருள் இருப்பதையே நீங்கள் அவரிடம் மூச்சுவிடவில்லை. நான் வாயைத் திறந்தபோது என் காலை மிதித்தீர்கள்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்து அந்தச் சின்ன ஆம்ப் வந்தது. ஒரு கையால் தூக்கலாம். அதற்கு டிபன் பாக்ஸ் என்று பேர் வைத்தேன். வாட்ஸ் கணக்கில் எருமையும் அதுவும் சமம் என்று காகிதத்தைக் காட்டினீர்கள். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவதென்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், பட்டுப்புடவையைக்கூட மாற்றவிடாமல் என்னைக் கடைக்குள் கூப்பிட்டீர்கள். இரண்டு ஆம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் நீங்களே செய்த ஒரு சுவிட்ச். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னீர்கள்.

"ஏங்க, வாசிக்கிறது நீங்க. நீங்களே சொல்லுங்களேன்."

"என் காது பதினோரு வருஷமா எருமைக்குப் பழகிருச்சு. அது பக்கம்தான் சாயும். உனக்குத்தான் ரெண்டும் ஒண்ணு. முதல்ல வாசிச்சதா, ரெண்டாவதான்னு மட்டும் சொல்லு."

எனக்கா இரண்டும் ஒன்று? எருமையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கடி உண்டு. கடலை மிட்டாய் மாதிரி, பல்லுக்கு அகப்படும். எங்கே ஆரம்பித்தது, எங்கே நின்றது என்று தெரியும். டிபன் பாக்ஸ் பாயசம். ஆழம், இனிப்பு, வழவழப்பு. தொண்டையில் இறங்கியதே தெரியாது. ஒரே ஒரு சுரத்தில் எனக்கு எது எது என்று தெரிந்துவிட்டது. எது நன்றாக இருந்தது என்றும் தெரிந்துவிட்டது. எருமைதான். சந்தேகமே இல்லை.

நான் டிபன் பாக்ஸைச் சொன்னேன்.

நீங்கள் சும்மா விடுகிற ஆளா? வரிசையை மாற்றினீர்கள். எனக்குத் தெரியாமல் ஒருமுறை அது முதலில், ஒருமுறை இது முதலில். ஐந்து தடவை. ஐந்து தடவையும் நான் டிபன் பாக்ஸையே சொன்னேன். அந்தப் பொய்யைத் தப்பில்லாமல் சொல்வதற்கு எவ்வளவு கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது தெரியுமா? என் வாழ்நாளில் உங்கள் வாசிப்பை அவ்வளவு கவனமாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அஞ்சுக்கு அஞ்சு" என்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "குருட்டாம்போக்குல சொன்னா இப்படி வராது. உனக்கு இப்படி ஒரு காதா? இத்தனை நாளா சுவத்தைத் தட்டி என்னை ஏமாத்திருக்கியே."

உங்கள் முதுகுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அந்த மூன்று வாரத்தின் கோபமும் எனக்குள் இருந்தது. வீட்டில் எனக்கு இல்லாத இடம் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு இருக்கிறதே என்ற எரிச்சலும் இருந்தது. அதைத் துரத்த ஒரு வாய்ப்புக் கிடைத்தது, துரத்தினேன்.

நன்னிலத்திலிருந்து ஜெபராஜ் வந்தார். அவரும் பேஸ் வாசிக்கிறவர், கல்யாணக் கச்சேரிகளில் உங்களுக்குப் பழக்கம். நாலு பேராகப் பிடித்து எருமையை ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் துண்டை எடுத்து அதன் மேல் தூசியைத் துடைத்து அனுப்பினீர்கள். நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

தை அறுப்பு முடிந்து, ஆலயத்துப் பக்கத்து வயலில் பந்தல் போட்டு அறுப்பின் பண்டிகைக் கச்சேரி. கடைக்குள் தனியாகக் கேட்டபோது அவ்வளவு இனித்த பாயசம், ட்ரம்ஸும் கீபோர்டும் மூன்று பாடகர்களும் சேர்ந்ததும் காணாமல் போய்விட்டது. சுவரில்லாத வெட்டவெளி, சொச்சத்தையும் அது விழுங்கிவிட்டது. கீபோர்டு வாசிப்பவர் பாட்டு நடுவில் உங்கள் பக்கம் குனிந்து, "அண்ணே, பேஸ் வருதா இல்லையா? எனக்கு மேடையிலயே கேக்கலை" என்றார். சத்தத்தைக் கூட்டினீர்கள். ஆம்ப் சூடாகித் தானே அணைந்துகொண்டது. ஐந்து நிமிஷம் கழித்து வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தந்தியை மாற்றினீர்கள். கேபிளை மாற்றினீர்கள். குமிழிகளை ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒவ்வொரு மாதிரி திருப்பிப் பார்த்தீர்கள். ஆம்ப்பை மட்டும் சந்தேகப்படவே இல்லை. ஏன் சந்தேகப்படுவீர்கள், ஐந்துக்கு ஐந்து சொன்ன ஒருத்தி வீட்டில் இருக்கும்போது? கடைசியில் ஒருநாள் குட்டியானையில் திரும்பி வரும்போது வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கி மடக்கி நிமிர்த்தினீர்கள்.

"விரல்ல வலு போயிருச்சு போலம்மா. முதுகு நரம்பு இங்க வரைக்கும் இழுத்திருக்கும்."

அப்போது சொல்லியிருக்கலாம். வண்டியில் டிரைவரைத் தவிர நாம் இரண்டு பேர்தான். "காத்து பலமா இருக்கு, கண்ணாடியை ஏத்துங்க" என்றேன்.

மறுநாள் ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்தீர்கள். விரலுக்குப் பயிற்சியாம். கடையில் ஆளில்லாதபோதெல்லாம், சாப்பிட்டு முடித்த பிறகு, ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூட, அமுக்கிக்கொண்டே இருப்பீர்கள். நான் பக்கத்திலிருந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லிசைக் குழுவுக்குப் போன் செய்து, "வேற ஆளைப் பாத்துக்குங்க தம்பி, எனக்கு முன்ன மாதிரி ஓடலை" என்றீர்கள். அதையும் பக்கத்திலிருந்துதான் கேட்டேன். ஆலயத்துக்குள் மட்டும் வாசித்தீர்கள். அந்தச் சின்ன இடத்துக்கு டிபன் பாக்ஸ் போதும். இரண்டு வருஷம். அப்புறம் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் காவல் காத்தது முதுகை. போனது நெஞ்சு.

நேற்று முன்தினம் நன்னிலத்துக்கு நான் போனது, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் கை இறுக்கமாக இருக்கிறது என்று போன் வந்ததால். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த காபியோடு உட்கார்ந்தபோதுதான் டம்ளர் அதிர்ந்தது. சாயங்கால வரவேற்புக்கு மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்று பையை எடுத்தேன். ஜெபராஜ் பார்த்துவிட்டார்.

"அக்கா, கடவுளாப் பாத்து உங்களை அனுப்பினாரு. இன்னிக்கு எனக்கு ஒரு தீர்ப்புச் சொல்லணும்."

எருமைக்குப் பக்கத்தில் ஒரு புது ஆம்ப். சின்னது. திருச்சியில் ஒரு கடையில் கேட்டு, வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று எடுத்து வந்திருக்கிறார். அவருக்கு இப்போது இடுப்பில் பட்டை பெல்ட்.

"எனக்கு என்ன தம்பி தெரியும்?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. இதை என்கிட்ட குடுத்தப்ப அண்ணன் என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க வீட்டம்மா காது தப்பாது, நான் அதை நம்பித்தான் இதை விடுறேன்னாங்க."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவர் ஒரு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார். உட்கார்ந்தேன். அவர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"தனியா வாசிக்காதீங்க தம்பி. தனியாக் கேட்டா சின்னதுதான் இனிக்கும். எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த இரைச்சலுக்கு அடியில் ஒன்று மட்டும் பல்லுக்கு அகப்பட்டது.

என் நாக்கு நுனியில் மறுபடியும் அதே பொய் வந்து உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. அந்த பெல்ட்டைப் பார்த்துவிட்டேனே. இவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், புரட்டிவிட, குளிப்பாட்ட.

"ரெண்டாவது வாசிச்சது தம்பி. அது எருமை. அதுதான் கேக்குது" என்றேன்.

ஜெபராஜ் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அதான்க்கா தோணுச்சு. ஆனா தூக்க முடியலையே."

ட்ரம்ஸ் வாசிக்கிறவர் குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாலு சக்கரம் போட்டுத் தள்ளிக்கிட்டு வாங்க. மேடைப் படிக்கு மட்டும் நாங்க ரெண்டு பேரு பிடிக்கிறோம். இதுக்குப் போயி ஒரு பஞ்சாயத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். என் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஜெபராஜ் உடனே யாருக்கோ போன் போட்டு வெல்டிங் பட்டறையில் சக்கரம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன். நன்னிலம் கடைத்தெருவில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு வெகுநேரம் நின்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்களும் இரண்டு நிமிஷம் யோசித்திருப்பீர்கள். மோட்டாரையே தள்ளிக்கொண்டு போக வண்டி செய்தவர் நீங்கள். உங்களால் ஆகாதா? யோசிக்கிற அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் நான் தரவில்லை. உங்களுக்காக நானே முடிவு செய்துவிட்டு, அதை உங்கள் முடிவு என்று நம்பவும் வைத்தேன்.

டிபன் பாக்ஸ் இப்போது என் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேலே துணி அடுக்கியிருக்கிறேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அது என்ன செய்யும். இந்தக் காதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கே பாட்டுக் கேட்டாலும் இது மேலே நிற்கமாட்டேன் என்கிறது. அடியில் இறங்கி, அங்கே யார் வாசிக்கிறார்கள், எந்தப் பெட்டியில் வாசிக்கிறார்கள் என்று துழாவிக்கொண்டே இருக்கிறது. திருவிழாவில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு டிவியில். நீங்கள் மெச்சிய காது. இதை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லவில்லை நான்.

அன்று அந்த வயலில், முன்வரிசையில் உட்கார்ந்து, நானும் அடியில் தேடினேன். அணைந்து அணைந்து வந்த அந்தப் பெட்டியிலிருந்து துண்டு துண்டாகத்தான் வந்தது. வந்தமட்டும் கேட்டேன். ஒரு இடம்கூட நீங்கள் தவறவிடவில்லை. உங்கள் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லைங்க. அவை எப்போதும்போலத்தான் வாசித்தன. கேட்காமல் செய்தது நான்.