பழைய அளவில் ஒரு சட்டை

அப்பாவுக்கு,

நீங்கள் தைத்து அனுப்பிய சட்டை வந்தது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன், தோளில் தையல் பிரிந்துவிட்டது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. தோள் அகன்றுவிட்டது, கழுத்து தடித்துவிட்டது. அன்றைக்குப் போனில் "யாருங்க பேசுறது?" என்று கேட்டீர்களே, அந்தக் குரலும் இந்த உடம்பிலிருந்துதான் வருகிறது.

நீங்களோ என் பழைய அளவை வைத்து, மார்புக்கு டார்ட் மடிப்புப் பிடித்து, பெண்கள் சட்டைக்கு வைப்பதுபோல் பட்டனை இடப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். யாருக்குத் தைத்தாலும் ஒரு நூல் பிசகாதவர் நீங்கள். "ஏதோ ஞாபகத்துல தச்சுட்டேன்" என்று என் காதில் பூ சுற்ற வேண்டாம்.

தாடி இன்னும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. முதுகெல்லாம் பரு. இருந்தும் கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நிற்க இப்போதுதான் எனக்குப் பிடிக்கிறது. இந்த உடம்பில் கத்தரி வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன். டேப்பை எடுத்து என்னை அளவெடுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதுபோல் தோள், மார்பு, கழுத்து என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லுங்கள். உள்ளே வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும்.

அதை வைத்துப் புதுச் சட்டை தையுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் மகன்