கல்லாற்றில் மீனாவின் கால்

ஞாயிறு இரவு, ஸ்ரீவராகம்.

ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவன் நான். இது மீனாவுக்கு நன்றாகத் தெரியும். இன்று கல்லாற்றுப் பாறையில் வழுக்கி விழுந்ததில் அவள் கணுக்காலுக்கு மேல் ஆழமாகக் கிழிந்துவிட்டது. அந்த வலியிலும், "ஏன்னா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ" என்றாள்.

நான் திரும்பவில்லை. அவளைப் படுக்கவைத்து, காலை என் மடிமேல் தூக்கி வைத்து, பையிலிருந்த துவைத்த துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்தேன். துண்டு நனைந்தது.

"எடுத்துப் பாருங்கோளேன்."

"எடுத்தா மறுபடி ஒழுகும்" என்று சொல்லி, என் சட்டையைக் கழற்றி மடித்து, துண்டின் மேலேயே வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை.

வித்துராவில் தையல் போட்ட மலையாளி டாக்டர், "கை எடுக்காம அமர்த்திப் பிடிச்சது நன்னாயி, கேட்டோ" என்றார். நான் பனியனோடு நெளிந்துகொண்டு நின்றேன்.

காரில் திரும்பும்போது மகளிடம் போனில் மீனா சொன்னாள்: "அப்பா மயங்கலைடி. நான்தான் மயங்கிட்டேன், அப்பாகிட்ட."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

இப்போது தலையணைமேல் காலை நீட்டித் தூங்குகிறாள். கட்டுத்துணியில் ரத்தக் கசிவு இல்லை. எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு விளக்கை அணைக்க வேண்டும்.