விலக்கப்பட்ட நூல்களில் பாதி

செப்டம்பர் 4

மழை. உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு லத்தீன் வினைச்சொற்கள். ஒருவனும் படித்து வரவில்லை. வீட்டுக்கு வந்து மாத்தே மூலிகைத் தேநீர் போட்டு, கெண்டி காலியாகும்வரை தனியாக உறிஞ்சினேன். என் மனைவி நெலிதா போய் ஒரு மாதம். ஞாயிற்றுச் சந்தையில் பழைய புத்தகம் விற்கும் வில்மாரிடம் போயிருக்கிறாள். ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்திராதவன். அவனை அவளுக்கு அறிமுகம் செய்தவன் நான்தான்.

செப்டம்பர் 9

அவளுடைய அக்கா ஓல்கா தொலைபேசியில்: "அவ தன்னோடத எடுத்துக்க வருவா. ரகளை பண்ணாத."

எதை என்று கேட்கவில்லை. கேட்பானேன்? அலமாரியைத்தான்! கல்யாண நாளுக்கு ஒன்று என்று நாங்கள் விளையாட்டாகச் செய்த விலக்கப்பட்ட நூல்கள். உலகில் எங்கும் இல்லாதவை, படித்தால் நரகம் நிச்சயம். தலைப்பும் முதல் பக்கமும் நான். தோல் அட்டையும் தங்க எழுத்தும் அவள். மற்றதெல்லாம் வெற்றுத்தாள்.

பாதி கேட்பாள். தரமாட்டேன்.

செப்டம்பர் 10

பூட்டுப் போட்டுவிட்டேன். போடுமுன் எடுத்துத் துடைத்தேன். 'மனைவியைத் தவளையாக்கும் முறை: மீண்டும் மனுஷியாக்கும் அத்தியாயம் அச்சில் விட்டுப்போனது'. 'வாயாடி ஆவிகளை அடக்குதல், இல்லறத்தார்க்கு'. 'மாமியாரைச் சாத்தானுக்கு விற்றதும், அவன் திருப்பி அனுப்பியதும்'. 'சூனியக்காரி வைத்த சூப்: பிழைத்தவர் எவருமிலர்'. இதை அவள் பிறந்தநாள் விருந்தில் நான் உரக்கப் படித்தபோது நோட்டரி பெனாவிதெஸ் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். சிவப்பு ஆட்டுத்தோல், என்ன நேர்த்தி! இப்படிப்பட்டவள் அந்த வில்மாரோடு?

செப்டம்பர் 27

அக்டோபர் 6 கல்யாண நாள். முகம் கொடுத்துப் பேசாத வருடம்கூட அவள் கட்டித் தந்தாள். இந்த வருடத் தலைப்பு தயார்: 'ஓடிப்போனவளை வீடு திரும்ப வைக்கும் மந்திரம்: மன்னிப்பை அவள்தான் கேட்க வேண்டும்'.

சிரிப்பாள். சிரித்துவிட்டால் பாதி வந்த மாதிரி.

அக்டோபர் 5

நாளைக்கு வருகிறாளாம். அவளே தேர்ந்த நாள்! கொய்யாப்பழ ஜாம் வைத்த ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 6

வந்தாள். மாத்தே ஊற்றினேன். வழக்கப்படி முதல் குடுவை எனக்கு, அடுத்தது அவளுக்கு. குடித்துத் திருப்பிக் கொடுத்தபடி "நன்றி" என்றாள். முதல் குடுவைக்கே நன்றி! இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். மான்டிவிடியோவில் விரோதிகூட இரண்டு மூன்று குடித்துவிட்டுத்தான் அதைச் சொல்வான். காதில் விழாதவன்போல மறுபடி ஊற்றி வைத்தேன். ஆறிப்போயிற்று.

"சாவி என்கிட்ட இருக்கு. பாதியெல்லாம் தரமாட்டேன். திரும்பி வா, மொத்தமும் உன்னோடது."

"எது, அலமாரியா? எனக்கு எதுக்கு அது? புத்தகம் தைக்கிற சட்டத்தை எடுக்க வந்தேன்."

புதிய தலைப்பை நீட்டினேன். படித்தாள். சிரிக்கவில்லை.

"எவரிஸ்தோ, எல்லாத்துலயும் முட்டாள் யாருன்னு பாத்திருக்கியா? தவளை நான். சூப்பு என்னுது. எங்கம்மா செத்த வருஷம் மாமியார் ஜோக்கு."

"ஜோக்குதானேடி! நீயும்தானே சிரிச்ச!"

"அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்றது? நீ ஒரு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடுவ. நான் ஒரு வாரம் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா தங்கத்துல பதிப்பேன். என்னைப் பத்தி."

சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். ரொட்டியைத் தொடவில்லை.

இன்று என்ன நாள் என்று அவளுக்கு நினைவிருந்ததா? தெரியவில்லை.

அக்டோபர் 7

நன்றிகெட்டவள்.

அக்டோபர் 19

பூட்டை எடுத்துவிட்டேன். யாருக்கும் வேண்டாதவற்றுக்குப் பூட்டு எதற்கு?

நவம்பர் 23

சந்தைக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

வில்மாரின் பலகையில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே கறுப்புத் தோலில் ஒன்று: 'பேய் குடியிருக்கும் வீட்டிலிருந்து தப்பிக்கும் ரகசியம்: கதவு திறந்துதான் இருக்கிறது'.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எத்தனை மாதமாயிற்று! அதன் பிறகுதான் அந்தத் தங்க எழுத்து யாருடையது என்று தெரிந்தது.

வில்மார் சொன்னான்: "தலைப்பும் அவளோடதுதான், வாத்தியாரே. வந்து நிக்கிறவன் எல்லாம் சிரிக்கிறான்."

குடைக்கு அடியில் தைத்துக்கொண்டிருந்தவள், சிரித்தது யாரென்று பார்க்க நிமிர்ந்தாள். முகமெல்லாம் பெருமை. அப்படி ஒரு முகத்தை என் வீட்டில் நான் பார்த்ததில்லை. சிரித்தது நான் என்று தெரிந்த பிறகும் அது வாடவில்லை. தலையசைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

நல்ல தலைப்பு. எனக்கு வந்திருக்காது.